சில்லறை

ஒன்பது வருடம் மாரேகிக்கு வண்டி ஓட்டினேன்.
நகரத் தலைவர் என்று கதவில் எழுதியிருக்கும்,
அதை யாரும் படித்ததில்லை.
வண்டி தெரிந்ததும் தெரு எழுந்து நிற்கும்.
தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள்,
குழந்தை வேறெங்கோ
ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரியோனி ஆற்றின் இரு கரையிலும்
யார் வீட்டில் சாவென்று
பாதிரியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.
கறுப்புக் கோட்டு பின்சீட்டுக் கொக்கியில் தயாராகத் தொங்கும்.
சவப்பெட்டியைச் சுற்றி ஒரு நடை,
தேன் கலந்த கோதுமை ஒரு கரண்டி,
போனவர் பெயரில் ஒரு கோப்பை,
பிறகு அடுத்த ஊர், அடுத்த கரண்டி.

ஒரு சனிக்கிழமை நான்கு சாவு.
நான்காவது வீட்டில் கோப்பையை உயர்த்தி
மூன்றாவது வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார்.
யாரும் திருத்தவில்லை.
விதவைகூடத் தலையாட்டினாள்.
அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஊருக்கும் ஊருக்கும் நடுவே தூங்கிவிடுவார்.
சிரிப்பு மட்டும் தூங்காது,
அணைக்க மறந்த வாசல் விளக்கு மாதிரி
பகலிலும் எரியும்.
எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது ஒருமுறை.
கண்ணாடியில் பார்த்தேன்:
கண் மூடியபடியே
கை எழுந்து ஆடியது.

மகன் லாஷா படிக்கப் போன ஊரிலிருந்து
என் போனுக்குத்தான் முதலில் கூப்பிடுவான்.
'அம்மா இப்போ எந்தக் குரலில் இருக்கிறார்?'
மேடைக் குரல் என்றால்
சரி, அப்புறம் என்று வைத்துவிடுவான்.
நிறைய 'அப்புறம்' சேர்ந்துபோனது.

ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு 'முடியாது'.
சந்தைக் கூரையின் உத்தரம் உளுத்திருந்தது,
மார்ச் மாதம் பூட்டச் சொன்னார்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
புதியவர் மிரியான் முதல் நாளே பூட்டை உடைத்தார்,
பாண்டு வாத்தியத்தோடு.

பேனர்கள் வீணாகவில்லை.
நெற்றி ஒரு வைக்கோல் போரின் மேல்,
இடது கன்னம் கோழிக்கூண்டில்,
'உங்களில் ஒருத்தி' என்பதில்
'ஒருத்தி' மட்டும்
யாரோ ஒருவரின் டிராக்டர் மேல்.
நல்ல தார்ப்பாய், ஒழுகாது என்றார்கள்.

எனக்கு அதே சம்பளம், அதே கொக்கி,
கோட்டின் அளவுதான் பெரிது.

அக்டோபர் மழை.
மிரியான் சந்தைக்குள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்,
நான் வண்டியில்.
மாரேகியைப் பார்த்தேன்.
கூரைக்கு ஓரடி வெளியே
மழையில் நின்றபடி தக்காளி கேட்டார்.
தினாத்தின் கடை.
காசா, உங்களிடமா என்று
பை பையாக எங்கள் வண்டிக்குள் திணித்தவள் அவள்.
அந்தத் தக்காளியெல்லாம் பின்னால் கிடந்து அழுகும்,
நான்தான் கழுவுவேன்.

இன்று நிறுத்தாள்.
முள் கொஞ்சம் சாய்ந்தது,
தட்டிலிருந்து ஒரு தக்காளியைத் திரும்ப எடுத்தாள்.
மாரேகி நோட்டை நீட்டினார், சில்லறை வந்தது.
உள்ளங்கையில் பரப்பி எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
'பத்து தெத்ரி குறையுதே.'
'நான் சரியாத்தான் கொடுத்தேன்.'
'இதோ பார்.'
'நீங்க பாருங்க.'
குரல் உயர்ந்தது, இரண்டு பக்கமும்.
பின்னால் நின்ற கிழவர்
'ஏம்மா, நனையுறேன், சீக்கிரம்' என்று
அவர் தோளைத் தள்ளினார்.

கடைசியில் அந்தப் பத்து தெத்ரி
தராசுத் தட்டில் டங்கென்று விழுந்தது.
மாரேகி அதை எடுத்துக்கொண்டார்.
சிரிக்கவில்லை.
அந்த முகம்
எந்தக் கோழிக்கூண்டிலும் நான் பார்க்காத முகம்.

மிரியான் ஏறி உட்கார்ந்து
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.
அடுத்து எங்கே என்றார்.
மேலூர், ஒரு சாவு என்றேன்.
பெயர்?
சொன்னேன்.
திருப்பிச் சொல்லுங்கள் என்றேன்.
அவர் சொல்லும்வரை
வண்டியைக் கிளப்பவில்லை.